அண்ணன் தம்பிக்குள் குடிவாரம்

பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. தாத்தா வெட்டிய கிணறு ஒன்று, அதற்கு ஒரு மின் இணைப்பு. பெரியப்பா தோட்டத்துச் சாளையிலேயே குடியிருந்து பண்ணையம் பார்த்தார். அப்பாவுக்குக் கோவையில் மில் வேலை. அத்தை உடுமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை பறிப்பு. வியாபாரி கொடுத்த பணத்தில் மரம் ஏறியவர்கள் கூலி, காய் பொறுக்கிய பெண்கள் கூலி, உரக்கடை பாக்கி எல்லாம் போக நிற்பதைப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து இரண்டாகப் பிரிப்பார். இரண்டு கட்டுக்கும் ரப்பர் பேண்ட் போட்டு, அப்பாவின் கட்டைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார். நோட்டில் கையெழுத்து வாங்குவார். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் தவறியதாக யாரும் சொன்னதில்லை.

அந்தப் பிரிப்பு நியாயமானதல்ல என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. வருடம் முழுக்கத் தண்ணீர் கட்டியவருக்கும், பொங்கலுக்கு வந்து கரும்பு கடித்துவிட்டுப் போனவருக்கும் ஒரே தொகை. வேலையாட்களுக்குக் காலைச் சோறும் பத்து மணிக் காபியும் போட்ட பெரியம்மாவுக்கு நோட்டில் ஒரு வரி கிடையாது. அத்தைக்கு ஆடிக்கும் தீபாவளிக்கும் சீர் போனது. பங்கு என்று எதுவும் போகவில்லை. பாகம் சமமாக இருந்தது, அவ்வளவுதான்.

உறவினர்கள் சேர்ந்து செய்யும் விவசாயத்தில் வரும் சண்டைகளில் திருட்டோ ஏமாற்றோ காரணமாக இருப்பது குறைவு என்று நினைக்கிறேன். நிலத்தில் பங்கு இருப்பதும், நிலத்தில் உழைப்பதும், நிலத்தில் பணம் போடுவதும் மூன்று வேறு காரியங்கள். மூன்றையும் ஒரே பின்னத்தில் போட்டு வகுக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், நம் மொழி இதை வெகுகாலம் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. அரசுக்கோ நிலக்காரருக்கோ போவது மேல்வாரம். பயிர் செய்தவருக்கு நிற்பது குடிவாரம். அந்நியர் ஒருவர் வாரத்துக்கு உழுதால் இந்த இரண்டையும் நாம் மறப்பதே இல்லை. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நன்செய்க்கு நிலக்காரர் பங்கை முதலில் 40 விழுக்காடு என்று வைத்தது. பின்னாளில் அதை 25 ஆகக் குறைத்தார்கள். மீதி 75இல் சாகுபடிச் செலவும் அடக்கம் என்றாலும், உழைப்பவர் பங்கு எது என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது. அதே நிலத்தை அண்ணன் உழுதால் கேள்வியே மறைந்துவிடுகிறது. “நம்ம நிலத்துல நாம பாடுபடறதுக்குக் கூலி கேட்டா நல்லாவா இருக்கும்?” என்று பெரியப்பாவே சொல்லியிருக்கிறார்.

பொதுச் சட்டங்களும் அவர் சொன்னபடிதான் நிற்கின்றன. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கூட்டாளிகள் தங்களுக்குள் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், தொழிலை நடத்துவதற்காக எந்தக் கூட்டாளிக்கும் ஊதியம் கிடையாது. லாபம் சமமாகப் பிரியும். தன் முதலுக்கு மேல் யாராவது பணம் போட்டால் அதற்கு மட்டும் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி உண்டு. அதாவது, எதுவும் எழுதாமல் விட்ட இடத்தில் சட்டம் பணத்துக்குக் கூலி கொடுக்கிறது, உடம்புக்குக் கொடுப்பதில்லை. எழுதினால் இதை மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் குடும்பங்கள் எழுதுவதில்லை.

பிரான்ஸ் நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பெற்றோரின் பண்ணையில் சம்பளம் வாங்காமல் பாடுபட்ட மகனோ மகளோ, பெற்றோர் காலத்துக்குப் பின் சொத்தைப் பிரிக்கும் முன்பு, அந்த உழைப்புக்கான தொகையைத் தனியே கோரலாம். பதினெட்டு வயதுக்குப் பிறகான உழைப்புக்கு, அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கு, குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக வைத்துக் கணக்கு. 1939 ஜூலையில் வந்த ஓர் ஆணையில் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கே 1962இல் விவசாயிகள் கூடிப் பண்ணை நடத்துவதற்கென்றே ஒரு கூட்டு அமைப்பையும் சட்டமாக்கினார்கள். அதில் சேரும் கூட்டாளிகள் எல்லோரும் பண்ணையில் உழைத்தாக வேண்டும் என்பது அடிப்படை விதி. பங்கு மட்டும் வைத்துக்கொண்டு ஊரிலிருந்து கணக்குக் கேட்பவருக்கு அதில் இடமில்லை. நம் ஊரில் அப்படியொரு விதி போட்டால் பாதிக் குடும்பங்கள் கூட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். ஆனால் உழைப்பைத் தனியாக எண்ணும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எங்கள் தோப்பளவே உள்ள ஒரு நிலத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்காக. ஆறு ஏக்கர், அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் சம உரிமை. வருட வரவு 6,00,000 ரூபாய், கூலி உரம் எல்லாம் சேர்ந்த செலவு 2,50,000. நிற்பது 3,50,000. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 1,16,667. இப்போது வேறு வழியில் போடுவோம். பண்ணையம் பார்க்கும் அண்ணனுக்கு மாதம் 12,000 வீதம் 1,44,000 முதலில் போகட்டும். சொட்டுநீர்க் குழாய் போடத் தம்பி கொடுத்த 2,00,000க்கு எட்டு விழுக்காடு என்று பேசியிருந்தால் 16,000. மீதி 1,90,000தான் நிலத்தின் பங்கு. அதை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 63,333. அண்ணன் கைக்கு 2,07,333, தம்பிக்கு 79,333, தங்கைக்கு 63,333 வரும்.

அண்ணனுக்குக் கூடிவிட்டதே என்று தோன்றும். ஆனால் தங்கையின் 63,333ஐக் கவனியுங்கள். அவருக்கு இதுவரை வந்தது சீர். இப்போது வருவது நிலத்தின் வருமானம். உழைப்புக்கு என்ன, நிலத்துக்கு என்ன என்று தெளிவாகப் பிரித்துவிட்டால், தோட்டத்தில் கால் வைக்காதவரும் தன் பங்கைக் கூச்சமில்லாமல் வாங்கலாம். “நான் பாடுபடறேன், அவ என்ன பண்ணுனா?” என்ற வாக்கியத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. பாடுபட்டதற்கான கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

கெட்ட வருடத்துக்கும் விதி வேண்டும். வெள்ளை ஈ வந்து காய்ப்பு விழுந்து, செலவு போக ஒரு லட்சம்தான் நிற்கிறது என்றால் அண்ணனின் கூலிக்கே போதாது. என் கருத்தில், நிற்பது முழுவதும் கூலிக்குப் போக வேண்டும்; குறைந்த 44,000த்தைப் பண்ணையின் கடனாக எழுதி அடுத்த இரண்டு வருடத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைப் பஞ்சத்தில் உட்கார்ந்து பேசினால் பேச்சு முறிந்துவிடும். காய் நல்ல விலைக்குப் போன ஒரு வருடத்தில், எல்லோர் வயிறும் நிறைந்திருக்கும்போது பேச வேண்டும்.

கூலி என்று எழுதும்போது யார் கூலி என்பதும் உண்டு. பெரும்பாலான தோட்டங்களில் பண்ணையம் பார்ப்பவர் ஒருவர் இல்லை, இருவர். எங்கள் பெரியம்மா விடிகாலை நாலரைக்கு எழுந்து இரண்டு எருமை பீச்சுவார். ஏழு மணிக்குள் எட்டுப் பேருக்குச் சோறு. பறிப்பு நாளில் காய் எண்ணும்போது கூடவே நின்று அவரும் எண்ணுவார். ஆயிரத்துக்கு ஒரு கல்லைத் தரையில் எடுத்து வைப்பார். வியாபாரியின் ஆள் எண்ணிக்கையும் அவர் வைத்த கல்லும் ஒத்துப் போகாத நாளில் மறுபடி எண்ணினார்கள்; ஒருமுறை நானே பார்த்தேன், கல்தான் சரியாக இருந்தது. அந்த வேலைக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் நோட்டில் வரி விழுந்திருக்கும். அண்ணிகளின் உழைப்பு அண்ணன் கணக்கில் கரைந்துபோவதை நான் இந்தக் கேள்வியின் மிகப் பெரிய அநியாயமாக நினைக்கிறேன். கணவர் திடீரென்று இறந்துவிட்டால் மனைவி உழைத்ததற்குச் சாட்சி ஒரு காகிதத்திலும் இருக்காது.

தண்ணீர்

கொங்குப் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எதையும் எடுத்துப் பாருங்கள். நிலத்தின் நான்கு எல்லையைச் சொன்ன கையோடு, கிணற்றில் நாலில் ஒரு பங்கு, மோட்டாரிலும் மின் இணைப்பிலும் அதே பங்கு, வண்டித்தட பாத்தியம் என்று வரிசையாக வரும். நிலத்தைக் கல் நட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே பாகம் பிரிந்த பிறகும் பங்காளிகள் தண்ணீரில் கூட்டாளிகளாகவே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் பங்குக் கிணறு இப்படித்தான்.

நாளுக்கு ஒருவர் என்று முறை வைப்பது பழைய வழக்கம். கவலை இறைத்த காலத்தில் அது சரியாக இருந்தது. மாடு ஓடுகிற நேரம் எல்லோருக்கும் ஒன்று. இப்போது மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று வருகிறது. என் முறை நாளில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டால்? “முறை போனது போனதுதான்” என்று ஒரு ஊரில் சொல்வார்கள். அடுத்த ஊரில் மோட்டார் ஓடிய மணியைச் சுண்ணாம்பால் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைப்பார்கள். மணிக்கணக்குதான் சரி என்பேன். மோட்டார் எரிந்து காயில் கட்டும் செலவும் தண்ணீர்ப் பங்கின் அளவிலேயே விழ வேண்டும். யார் முறையில் எரிந்தது என்று தேடத் தொடங்கினால் முடிவே இல்லை.

1990இலிருந்து பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அதனால் ஒரு புதிய சிக்கல் வந்தது. நிலம் நான்கு பேருக்கு, மின் இணைப்பு ஒருவர் பெயரில். அந்த ஒருவரின் வாரிசுகள் “இணைப்பு எங்களுடையது” என்று சொல்லும் நாள் வரும். பத்திரத்தில் இணைப்பு எண்ணோடு பங்கை எழுதுவது பத்து நிமிட வேலை.

போர் போடுவது இன்னும் சிக்கலான விஷயம். ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வருவதுண்டு. அண்ணன் போடலாம் என்கிறார், தம்பி வேண்டாம் என்கிறார். அண்ணன் தன் காசில் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டால் அது யாருடையது? பொது நிலத்தில் வந்த தண்ணீர் பொது என்று சொல்வது அண்ணனின் துணிச்சலுக்குச் செய்யும் துரோகம். முழுக்க அவருடையது என்றால் பொது நிலத்தடி நீரை ஒருவர் எடுத்துக்கொண்டதாகிறது. நடுவழி இருக்கிறது. செலவைப் பத்து ஆண்டுகளுக்குப் பரப்பி, ஆண்டுக்குப் பத்தில் ஒரு பாகம் கழித்துக்கொண்டே வரவேண்டும். தம்பி எந்த ஆண்டில் சேர விரும்புகிறாரோ அந்த ஆண்டில் மீதமுள்ள மதிப்பில் தன் பங்கைக் கொடுத்துவிட்டுச் சேரலாம். தண்ணீர் வராமல் போனால் நட்டம் போட்டவருக்கு மட்டும். புதிதாக வைக்கும் தென்னங்கன்றுக்கும் இதே முறை பொருந்தும். காய்க்க ஐந்தாறு வருடம் பிடிக்கும் மரத்துக்குப் பணம் போட்டவர் பெயர் நோட்டில் நிற்க வேண்டும்.

உடன்பிறந்த பெண்கள்

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9இல் நாடு முழுமைக்குமான திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தந்தை தானே சம்பாதித்த நிலத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லாவிட்டால் அதிலும் மகளுக்குச் சம பங்கு. சட்டத்தில் இனிப் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை.

வழக்கத்தில் நடப்பது வேறு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து அனுப்புவது. “நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு” என்பது வாதம். நகையைக் கணக்கில் எடுக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படியானால் தம்பியின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தையும், அண்ணன் வீட்டுக்குப் போட்ட காங்கிரீட் தளத்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். எழுதிப் பார்த்த குடும்பங்களில் தங்கையின் பாகம் பெரும்பாலும் குறைவதில்லை.

பங்கை எழுதி வாங்கினால் தாய்வீடு போய்விடும் என்று அஞ்சும் பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் அத்தை அப்படித்தான். அவருக்குப் பொருந்தும் ஓர் ஏற்பாடு உண்டு: நில உரிமையை விடாமல், பயிர் செய்யும் பொறுப்பை மட்டும் அண்ணனிடம் விட்டு, மேல்வாரத்தை ஆண்டுதோறும் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்வது. சீர் தனியே வரட்டும்.

காகிதம்

எந்த வடிவில் எழுதுவது? கூட்டாண்மை நிறுவனம் பதிவு செய்யலாம். ஆனால் பதியாத நிறுவனத்தின் கூட்டாளி ஒப்பந்த உரிமைக்காக மற்றவர் மேல் வழக்குப் போட முடியாது. வேறு ஏற்பாடு எழுதாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்தாலே நிறுவனம் கலைந்துவிடும். தந்தையும் மகன்களும் சேர்ந்த பண்ணையில் இந்த இரண்டாவது விதி நிச்சயம் ஒருநாள் வந்து இடிக்கும். பத்துப் பேருக்குக் குறையாமல் சேரும் உற்பத்தியாளர் நிறுவனம் ஊர் அளவில் விற்பனைக்கு நல்லது. மூன்று உடன்பிறப்புகளுக்கு அது பெரிய சட்டை.

நிலத்தைப் பிரித்துப் பதிந்துகொண்டு, ஒருவர் மற்றவர்களிடம் குத்தகைக்கு எடுப்பதுதான் பல குடும்பங்களுக்குப் பொருந்தும். இதற்குத் தடையாக நிற்பது பயம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால் குத்தகையை எழுதிக்கொடுத்தால் நிலத்தை மீட்க முடியாது என்ற பேச்சு ஊரில் பலமாக உண்டு. அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு. பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அடங்கலில் பெயர் வேண்டும். உழுபவர் பெயர் அங்கே இல்லாமல் போகிறது. உடன்பங்காளிகளுக்குள் பயிர்ப் பொறுப்பை மட்டும் ஒப்படைக்கும் ஓர் உடன்படிக்கையை நல்ல வழக்கறிஞர் எழுதித் தருவார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் பதிவு கட்டாயம். முன்பே வாய்மொழியாகச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டைப் பின்னர் நினைவுக்காகக் குறித்து வைத்தால் அதற்குப் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976இல் காலே வழக்கில் சொன்னது. சண்டையை அமர்த்த நேர்மையாகச் செய்த ஏற்பாட்டை நீதிமன்றங்கள் மதிக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் பொருள்.

பண்ணைக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும். காய்ப் பணம், மானியம், நிவாரணம் எல்லாம் அதில் விழட்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகைகூடச் சண்டைக்குக் காரணமானதை நான் பார்த்திருக்கிறேன்.

காவிரிப் பாசனப் பகுதியில் பங்காளிகளுக்குள் குத்தகை மாவுக்கு இத்தனை மூட்டை என்று நிலையாகப் பேசப்படுகிறது. வெள்ளத்தில் சம்பா மூழ்கினாலும் மூட்டை மூட்டைதான். அண்ணன் தம்பிக்குள் இது கொடுமை. விளைச்சலில் விழுக்காடு என்று பேசுவதே மேல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது எழக்கூடிய கேள்வி எல்லாக் கூட்டுக்கும் உரியது: நிவாரணம் நிலக்காரருக்கா, பண்ணையம் பார்த்தவருக்கா? மரம் நிலத்தின் சொத்து, அந்த வருடக் காய் உழைத்தவரின் சொத்து என்று பிரித்து எழுதியிருந்தால் பதில் உடனே கிடைக்கும்.

பிரிந்து போகும் நாள்

தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், ஏக்கரில் 1.85. இதற்கு மேல் துண்டாக்கினால் டிராக்டர் திரும்ப இடமிருக்காது. ஆகவே ஒருவர் விலகும்போது அவர் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்வதே நிலத்துக்கு நல்லது. எந்த விலைக்கு என்பதில்தான் உறவு உடைகிறது. தார்ச்சாலை ஓரத்து நிலத்துக்கு மனை விலை சொல்வார்கள். தேங்காய் விற்று அந்த விலையைக் கொடுக்க எந்த அண்ணனாலும் முடியாது. பயிர் வருமானத்தை வைத்து விலை போட்டால் தம்பி ஏமாந்ததாக நினைப்பார்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இப்படி எழுதிக்கொண்டது. விலை இரண்டுக்கும் நடுவில். ஏழு ஆண்டுத் தவணை. வாங்கிய அண்ணன் பத்து ஆண்டுக்குள் நிலத்தை மனையாகப் பிரித்து விற்றால், கூடுதலாகக் கிடைத்ததில் பாதி தம்பிக்கு. அந்தக் கடைசி விதியைப் படித்துக் காட்டியதும் தம்பி பேனாவைக் கேட்டு வாங்கினார்.

உடன்பங்காளிக்கு முதலில் சொல்லிவிட்டு விற்பது என்ற முறைக்கும் வேர் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்து வைத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அது உண்டு. 1947இல் இலங்கையில் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சேர்ந்து வாரிசான முதல் வகுப்பு வாரிசுகளுக்கு அந்த முன்னுரிமையைத் தருகிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றமே விலை வைக்கும். வெளியாளிடம் முன்பணம் வாங்கிய பிறகு அண்ணனுக்குத் தகவல் போகிற குடும்பங்களில் இப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது.

பெரியப்பா இப்போது இல்லை. பண்ணையம் அவர் மகன் கையில். போன பங்குனிக் கடைசியில் கணக்குக்கு உட்கார்ந்தோம். அத்தையும் உடுமலையிலிருந்து வந்திருந்தார். அண்ணன் புது நோட்டு வாங்கி வந்திருந்தான். முதல் பக்கத்தில் கோடு போட்டு, நிலம் என்று ஒரு பத்தி, கூலி என்று ஒரு பத்தி, போட்ட பணம் என்று ஒரு பத்தி. கூலிப் பத்தியில் தன் பெயரை எழுதினான். அதன் கீழே பெரியம்மா பெயரை எழுதி, என்ன தொகை போடுவது என்று நிமிர்ந்து பார்த்தான். பெரியம்மா அடுப்படியிலிருந்து, “எனக்கெதுக்குச் சாமி?” என்றார். அத்தைதான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துத் திண்ணைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார். “நீங்க சொல்லுங்கண்ணி. எழுதட்டும்.”